ஆறாம் எண் குழாய்

செமெய், ஜனவரி 14

அன்புள்ள கொழுந்தியா தோர்கினுக்கு,

உன் அத்தான் குவானிஷ் எழுதுவது. தாளைத் திருப்பிப் பார்த்து எரிச்சல்படாதே. பெட்டிக்குள் வைக்கச் சொன்ன விவரத்தாளின் பின்பக்கம் சும்மாதானே இருக்கிறது என்று எழுதிவிட்டேன். போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. போன அக்டோபரில் நான் அப்படி என்ன சொல்லிவிட்டேன்? "உங்க லேபுக்கு நோயாளின்னா வெறும் நம்பர்தானே" என்றேன். அதற்குப் போனை வைத்தவள், மூன்று மாதமாக என் குரலையே கேட்க மாட்டேன் என்கிறாய். உன் அக்கா பகிலா திட்டுவது என்னைத்தான்.

சரி, வேலைக்கு வருவோம். பெட்டியில் ஆறு ரத்தக் குழாய்கள். ஒன்று முதல் ஐந்து வரை என் வார்டு நோயாளிகள், ஐந்து பேருக்கும் ரத்தப் புற்றுநோய். ஆறாவது, நீ கேட்டபடி, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல உடம்புக்காரரின் ரத்தம். தாளில் 'ஆரோக்கியமானவர்' என்ற கட்டத்தில் பெரிதாக டிக் போட்டிருக்கிறேன், பார்.

ரத்தத்திலிருந்து ஆர்.என்.ஏ.யை எடுத்துப் படிப்பதற்குத் தயார் செய்ய இரண்டு முறை இருக்கிறது, எது நல்லது என்று பார்க்கப் போகிறோம் என்று உன் பேராசிரியர் எழுதியிருந்தார். எது ஜெயித்தாலும் எனக்குச் சம்மதம். எனக்கு வேண்டியது ஒன்றுதான். எந்த மருந்து கேட்கும் என்று தெரிந்துகொள்ள என் நோயாளிகள் நாள் முழுக்க ரயிலில் உட்கார்ந்து அல்மாட்டிக்கு வருகிறார்கள். கழிவறைக்கு நடக்கவே தெம்பில்லாதவர்கள். ஆள் வர வேண்டாம், குழாய் வந்தால் போதும் என்று நீ மட்டும் சொல்லிவிட்டால் உனக்கு ஒரு முழு ஆடு அறுக்கிறேன்.

பனிப்புயலால் ரயில் இரண்டு நாள் தாமதம். அதுவரை பெட்டி எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் பத்திரமாக இருந்தது. ஏழாவது கோச் அட்டெண்டர் ஜுமாகுல் அம்மா கொண்டு வருகிறார். பெட்டியைத் திருப்பி அனுப்பும்போது இரண்டு வரி எழுது. திட்டியாவது எழுது.

குவானிஷ்

&nbsp;

அல்மாட்டி, ஜனவரி 23

டாக்டர் குவானிஷ் அவர்களுக்கு,

திட்டச் சொன்னீர்கள், திட்டுகிறேன்.

ஆறு குழாய்களும் பாழ். ஆர்.என்.ஏ. எவ்வளவு முழுசாக இருக்கிறது என்று முதலில் மதிப்பெண் போடுவோம். பத்துக்கு ஏழாவது இருக்க வேண்டும். நீங்கள் அனுப்பியது பத்துக்கு இரண்டு. செல்கள் எல்லாம் தெறித்துப்போய், உள்ளே இருந்த இழைகள் தூள்தூளாகக் கிடக்கின்றன. சூடாக வைத்தீர்களா, உறைய வைத்தீர்களா, ஜுமாகுல் அம்மா தேநீர் கொதிக்கும் சமோவார் மேல் ஏற்றிவிட்டாரா?

நீங்கள் பாடப்புத்தகத்தை மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது என்பதால் விளக்கமாகவே சொல்கிறேன். நமக்கு வேண்டிய ஒவ்வொரு இழைக்கும் ஒரு வால் உண்டு. முதல் முறையில் அந்த வாலைப் பிடித்து இழையை வெளியே எடுப்போம். சுத்தமான வேலை, செலவும் குறைவு. ஆனால் இழை உடைந்திருந்தால் வால் துண்டு மட்டும் கையோடு வரும், மற்றதெல்லாம் போய்விடும். இரண்டாவது முறை அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி. வேண்டாத ஆர்.என்.ஏ.தான் ரத்தத்தில் மூட்டைக்கணக்கில் இருக்கிறது, அதைப் பொறுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தை அப்படியே வைத்துக்கொள்வோம். உடைந்த துண்டும் தங்கும். ஆனால் குப்பையும் கொஞ்சம் தங்கும், படிப்பதற்கு இரட்டிப்பு வேலை.

எதுவானாலும் மதிப்பெண் இரண்டு வாங்கிய ரத்தத்தை ஒப்பீட்டில் சேர்க்கக் கூடாது என்பது விதி. வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்றிருந்தோம். உங்கள் பதில் வரட்டும் என்று ஒரு வாரம் தள்ளி வைத்திருக்கிறேன். இதை அக்காவுக்காகச் செய்கிறேன், உங்களுக்காக இல்லை.

தோர்கின்

&nbsp;

செமெய், ஜனவரி 28

கோபக்காரக் கொழுந்தியாளுக்கு,

உன் கடிதம் வந்ததும் வீட்டில் விசாரணை வைத்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"ஃபிரிட்ஜ்ல இருந்த வெள்ளைப் பெட்டிய யாராவது தொட்டீங்களா?"

"நான்தான் எடுத்தேன்" என்றாள் உன் அக்கா. "குளிர்காலத்துக்குக் குதிரை அறுத்த விருந்துக்குச் சனிக்கிழமை பதினஞ்சு பேர் வந்தாங்க. அத்தனை சாலட்டையும் எங்க வைக்கிறது, உங்க தலை மேலயா?"

"பெட்டிய எங்க வெச்ச?"

"பால்கனியில, இறைச்சிக்குப் பக்கத்துல. குளிரா இருக்கணும்னுதானே சொன்னீங்க? அங்க மைனஸ் இருபத்தெட்டு. உங்க ஃபிரிட்ஜால முடியுமா? அப்புறம் திங்கக்கிழமை காலையில பழையபடி உள்ள வெச்சிட்டேனே!"

இவ்வளவுதான். இரண்டு இரவு குதிரைத் தொடைக்குப் பக்கத்தில் கல்லாக உறைந்து, பிறகு ஃபிரிட்ஜிலும் ரயிலிலும் உருகி உன்னிடம் வந்திருக்கிறது. இந்த நாட்டில் ஜனவரி மாதம் எல்லோர் வீட்டிலும் பால்கனிதான் பெரிய ஃபிரிட்ஜ். அவளைக் குற்றம் சொல்லி என்ன? பூட்டி வைக்காதது என் தப்பு.

ஆனால் கொட்டிவிடாதே, தோர்கின். ஐந்து பேருக்கும் சிகிச்சை ஆரம்பித்துவிட்டோம். மருந்து ஏறாத அந்த முதல் ரத்தத்தை இனி யாரிடமும் எடுக்க முடியாது. உன் மூன்றாம் எண் இருக்கிறாளே, அவள் பாலத்தடியில் ரொட்டிக்கடை வைத்திருக்கிறவள். தினமும் காலையில் என்னிடம் கேட்கிறாள்: "டாக்டர், என் ரத்தம் அல்மாட்டி போய்ச் சேர்ந்துடுச்சா?" அவளிடம் நான் பால்கனிக் கதையைச் சொல்லவா? விதி இருக்கட்டும். உடைந்ததை உடைந்ததாகவே இரண்டு முறையிலும் போட்டுப் பார். எங்கள் ஊரிலிருந்து வரும் ரத்தம் பாதி நாள் இந்த லட்சணத்தில்தான் வரும். அதைத் தாங்காத முறை எங்களுக்கு எதற்கு?

குவானிஷ்

&nbsp;

அல்மாட்டி, பிப்ரவரி 17

அத்தான்,

நீங்கள் சொன்னது சரி. இதை எழுத எனக்கு இரண்டு நாள் பிடித்தது, அதனால் ஒரே ஒரு தடவைதான் சொல்வேன்.

பேராசிரியரிடம் கெஞ்சி ஆறு குழாய்களையும் இரண்டு முறையிலும் போட்டோம். வால் பிடிக்கும் முறையில் வாலைத் தவிர ஒன்றும் தேறவில்லை. கல் பொறுக்கும் முறையில் நான் எதிர்பார்க்காதது வந்தது. ரொட்டிக்கடை அம்மாவின் ரத்தத்தில் இரண்டு மரபணுக்கள் தவறாக ஒட்டிக்கொண்ட இடம் பளிச்சென்று தெரிகிறது. உங்களிடம் இருக்கும் ஒரு மருந்து அதற்குக் கேட்கும். விவரம் தனித்தாளில். ரத்தம் நல்லபடியாக வந்து சேர்ந்தது என்று அவரிடம் சொல்லுங்கள்.

இனி கெட்ட செய்தி. என் சந்தோஷத்தில் பாதியை உங்கள் அலட்சியம் தின்றுவிட்டது.

ஆறாவது குழாயை நல்ல உடம்புக்காரர் என்று அனுப்பியிருக்கிறீர்கள். அதில் ஒன்பதாம் குரோமோசோமும் இருபத்திரண்டாம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்டு ஒட்டிய அடையாளம் இருக்கிறது. நாள்பட்ட ரத்தப் புற்றுநோயின் முத்திரை, முதல் வருட மாணவனுக்கும் தெரிந்தது. வால் முறை அதைத் தவறவிட்டது, ஏனென்றால் ஒட்டிய இடம் வாலிலிருந்து வெகு தூரம். மற்ற முறையில் நூற்றுக்கணக்கான தடவை வருகிறது. மூன்று தடவை சரிபார்த்தேன், எங்கள் பக்கம் தவறில்லை. ஆக, நீங்கள் ஒரு நோயாளியின் குழாயை ஆறாவதோடு மாற்றிவிட்டீர்கள். நம்பர் நம்பர் என்று என்னைக் கேலி செய்தீர்களே, அந்த நம்பரை ஒழுங்காக ஒட்டுவது உங்கள் வேலை. யாரோ ஒருவர் தன் நோய் இன்னதென்று தெரியாமல் உங்கள் ஊரில் நடமாடுகிறார். யார் என்று கண்டுபிடித்து எழுதுங்கள்.

தோர்கின்

&nbsp;

செமெய், பிப்ரவரி 22

தோர்கின்,

கோபத்தில் எழுதுகிறேன், கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும். பால்கனி என் தப்பு, ஒப்புக்கொண்டேன். அதற்காக என்ன வேண்டுமானாலும் சொல்வாயா? இருபத்தாறு வருடமாகக் குழாயில் பெயர் ஒட்டுகிறேன், ஒன்றுகூட மாறியது கிடையாது. அன்றைக்கு ரத்தம் கொடுத்த ஐந்து பேரில் நீ சொல்லும் வகை ஒருவருக்கும் இல்லை, எல்லாம் வேறு வகை. பிறகு எங்கிருந்து மாறும்?

ஆறாவது யாருடையது என்று எனக்கு நன்றாகவே தெரியும். நல்ல உடம்புக்காரரைத் தேடி நர்ஸ் மாடி மாடியாக அலைந்தாள். யாரும் கை நீட்டவில்லை. இந்த ஊரில் ரத்தம் எடுக்கிறேன் என்றாலே, எதையாவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று ஓடுவார்கள். "இதுக்கு எதுக்கு இவ்வளவு அலைச்சல், என் கையில எடு" என்று நான்தான் சட்டையை மடித்துவிட்டேன். முதலில் ரத்த அணுக்களை எண்ணிப் பார்த்துவிடலாம், விதி அப்படி என்றாள். "என்னப் பாரு, பொலி எருது மாதிரி இருக்கேன், எனக்கு எதுக்கு எண்ணிக்கை" என்றேன். ஆறாவது குழாயில் இருப்பது என் ரத்தம். இப்போது சொல், யாருடைய அலட்சி

மேலே உள்ள வரியை முடிக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து எழுதுகிறேன்.

பரிசோதனை அறைக் கதவைத் தாழ் போட்டுவிட்டு, நோயாளிகள் படுக்கும் கட்டிலில் படுத்து, இடது விலா எலும்புக்குக் கீழே என் கையாலேயே அழுத்திப் பார்த்தேன். மண்ணீரல் கைக்குத் தட்டுப்படுகிறது. தட்டுப்படக் கூடாது. இந்தக் குளிர்காலத்தில் பெல்ட்டில் இரண்டு துளை உள்ளே போனது. இரண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நிரம்பியது. உன் அக்காவின் கைப்பக்குவம் போய்விட்டது என்று விருந்தாளிகள் முன்னால் கேலி செய்தேன். ஊருக்குத்தான் உபதேசம், பார்த்தாயா?

பயமாக இருக்கிறது, தோர்கின். வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியாது. எத்தனை பேரிடம் "ஒண்ணுமில்ல, மாத்திரைதான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பேன். அவர்கள் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது.

ஒரு உதவி செய். குழாய் மாறிவிட்டது என்றே எழுதி ஆறாவதை அடித்துவிடு. வசந்த விழா முடியட்டும், விருந்தாளிகள் போகட்டும், பிறகு பார்த்துக்கொள்கிறேன். பகிலாவுக்குத் தெரிய வேண்டாம்.

குவானிஷ்

&nbsp;

அல்மாட்டி, பிப்ரவரி 26

என் அத்தானுக்கு,

நம் வழக்கப்படி இப்படிப்பட்ட செய்தியைச் சொல்ல நாலு பெரியவர்கள் வீட்டுக்கு வந்து, தேநீர் குடித்து, வானிலை பேசி, சுற்றி வளைத்துத்தான் வாயைத் திறக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? அலட்சியக்காரர் என்று வசவோடு சேர்த்து ஒரு வெள்ளைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டேன். உங்கள் கடிதத்தை லேப் வாசலில் நின்று படித்தேன், அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். மன்னித்துவிடுங்கள்.

ஆனால் அடிக்க மாட்டேன். அழித்து எழுத என் கை வராது.

அக்டோபரில் நான் போனை வைத்ததற்குக் காரணம் கோபம் இல்லை. நீங்கள் சொன்னது உண்மையாக இருக்குமோ என்ற பயம். நாள் முழுக்க எண்களைத்தான் பார்க்கிறேன். அந்த ஆறாம் எண்ணையும் மூன்று நாள் உற்றுப் பார்த்தேன், திட்டினேன். அதற்கு மீசை இருக்கிறது, என் கல்யாணத்தில் முழங்கால் வலியோடு விடிய விடிய ஆடியது, அப்பா இறந்த வருடம் என் படிப்புச் செலவைச் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டது என்று எனக்கு எப்படித் தெரியும்?

இப்போது உங்கள் வாயிலிருந்து வந்ததையே உங்களுக்குச் சொல்கிறேன். இது மாத்திரைதான். வருடா வருடம் எர்திஸ் ஆற்று மீனைக் கோணியில் கட்டிக்கொண்டு உங்கள் வாசலில் வந்து நிற்பாரே அந்த லாரி டிரைவர், அவருக்கு இதே நோய், பன்னிரண்டு வருடம் ஆகிறது. போன குளிர்காலம் அவர் பேத்திக்குக் கல்யாணம் என்று நீங்கள்தான் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தீர்கள். அவர் பிழைத்ததற்குக் காரணம், சீக்கிரம் தெரிந்ததும், மாத்திரையைத் தவறவிடாததும். உங்களுக்கும் சீக்கிரம் தெரிந்துவிட்டது. அக்கா பால்கனியில் உறைய வைத்த பிறகும் நீங்கள் கொட்டாதே என்றீர்கள், அதனால் தெரிந்தது. அதைப் போய் அழிக்கச் சொல்கிறீர்களே!

பெட்டியில் ஒரு புதுக் குழாய் வைத்திருக்கிறேன். அதில் உங்கள் ரத்தம் வர வேண்டும். அக்காவிடம் நீங்களே சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. மார்ச் எட்டாம் தேதிக்குள் சொல்லாவிட்டால் நான் ரயிலேறி வந்து சமையலறையில் உட்கார்ந்துவிடுவேன். என் முகத்தைப் பார்த்தால் அவளே கண்டுபிடித்துவிடுவாள்.

தோர்கின்

&nbsp;

செமெய், மார்ச் 7

தோர்கின் கண்ணு,

சொல்லிவிட்டேன். கெடுவுக்கு இரண்டு நாள் முன்னதாகவே.

பகிலா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நானும் பெரியவர்கள் மாதிரி ஆரம்பித்துப் பார்த்தேன். குளிர் விட்டுவிட்டது, ஆற்றில் ஐஸ் உடையப் போகிறது, இறைச்சி விலை ஏறிவிட்டது என்றேன். அவள் பிசைவதை நிறுத்தினாள்.

"சுத்தி வளைக்காதீங்க. யாரு செத்தது?"

"யாரும் சாகல. இப்போதைக்குச் சாகப் போறதும் இல்ல" என்று சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன்.

மாவுக் கையாலேயே என் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "நான் பால்கனியில வெச்சேனே, அதனாலதான் உங்க ரத்தம் கெட்டுப்போச்சா?"

தோர்கின், எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது. "அடி பைத்தியக்காரி, உன் பால்கனியையும் மீறித்தான் அது தெரிஞ்சுது" என்றேன். அவளுக்குப் புரியவில்லை, புரிய வேண்டும் என்றும் இல்லை. முகமெல்லாம் மாவோடு இரண்டு பேரும் ஆறிப்போன தேநீரைக் குடித்தோம்.

மறுநாள் அவளே என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நிற்க வைத்தாள். என் வார்டில், என் நோயாளிகளோடு. ரொட்டிக்கடைக்காரி எனக்கு இடம் விட்டுக்கொடுத்தாள். அவளுக்குக் காய்ச்சல் விட்டு நாலு நாள் ஆகிறது, நீ சொன்ன மருந்துதான்.

குழாய் வருகிறது. கட்டத்தில் 'நோயாளி' என்று நானே டிக் போட்டேன், சிறியதாக. இந்த முறை வீட்டு ஃபிரிட்ஜ் காலி. சாலட் எல்லாம் பால்கனியில்.

குவானிஷ்

&nbsp;

அல்மாட்டி, மார்ச் 20

அத்தான்,

மதிப்பெண் பத்துக்கு எட்டரை! அக்காவுக்கு என் வாழ்த்து.

நல்ல ரத்தம் என்றதும் வால் பிடிக்கும் முறையும் உங்கள் குரோமோசோம்கள் ஒட்டிய இடத்தைக் கண்டுபிடித்துவிட்டது. இரண்டும் ஒரே பதில். மாத்திரையை இன்றே ஆரம்பியுங்கள்.

பேராசிரியர் கட்டுரையை மாற்றி எழுதச் சொல்லிவிட்டார். உள்ளூர் ரத்தத்துக்கு வால் முறை போதும், செலவு குறைவு. தூரத்திலிருந்து அடிபட்டு வரும் ரத்தத்துக்குக் கல் பொறுக்கும் முறைதான் என்று எழுதுகிறோம். இன்னும் நிறையக் குழாய்கள் வந்த பிறகுதான் அடித்துச் சொல்ல முடியும், ஆனால் எனக்குச் சந்தேகமில்லை. ஆள் வர வேண்டாம், குழாய் வந்தால் போதும். ஆடு எங்கே?

ஒப்பிடுவதற்கு வேறு ஒரு நல்ல உடம்புக்காரர் வேண்டும். அணுக்களை எண்ணிப் பார்த்துவிட்டு அக்காவின் ரத்தத்தை அனுப்புங்கள்.

நான் தினமும் போன் செய்யப் போகிறேன். சண்டை வந்தால் வரட்டும்.

தோர்கின்

&nbsp;

செமெய், அடுத்த ஜனவரி 9

கொழுந்தியாளுக்கு,

தினமும் போனில் சண்டை போடுகிறோம், ஆனாலும் பெட்டி வரும்போது கடிதம் இல்லாவிட்டால் ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது.

பத்து மாதம், ஒரு வேளைகூட மாத்திரை தவறவில்லை. பெல்ட் பழைய துளைக்கு வந்துவிட்டது. போன வாரக் குதிரை விருந்தில் நான் மூன்று தட்டு சாப்பிட்டதைப் பார்த்துப் பகிலா எழுந்து உள்ளே போய்விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, "மத்தவங்களுக்கும் மிச்சம் வைங்க" என்று திட்டினாள்.

இந்தக் குழாயைப் பார்த்துவிட்டு மறைக்காமல் சொல். தாளில் டிக் போடவில்லை. 'ஆரோக்கியமானவர்' என்று போட முன்பு சூடு பட்டிருக்கிறேன். 'நோயாளி' என்று போட மனசு வரவில்லை. நீயே போட்டுக்கொள்.

குவானிஷ்

&nbsp;

அல்மாட்டி, ஜனவரி 19

அத்தான்,

மறைக்காமல் சொல்கிறேன். வால் முறையில் நோயின் அடையாளம் இல்லை. கல் பொறுக்கும் முறையில் போட்டு, முன்பு நூற்றுக்கணக்கில் வந்த அந்த ஒட்டிய அடையாளத்தைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. ஒன்றும் கிடைக்காததற்காக வாழ்க்கையில் முதல் தடவை லேபில் கத்தினேன், பக்கத்து அறையிலிருந்து ஓடி வந்தார்கள். இதைவிட நுணுக்கமான சோதனையில் இன்னும் ஒரு துளி தெரிகிறது, அதனால் மாத்திரையை நிறுத்துகிற பேச்சே கூடாது. மீன் கொண்டுவரும் அந்த லாரி டிரைவர் மாதிரி விழுங்கிக்கொண்டே இருங்கள்.

தாளை நிரப்பாமல் கோப்பில் வைக்க முடியாது. பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு கட்டமும் உங்களுக்குப் பொருந்தவில்லை. கடைசியில் பக்கத்திலேயே மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்து, 'என் அத்தான்' என்று எழுதி, டிக் போட்டுவிட்டேன். பேராசிரியர் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

தோர்கின்